அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை இல்லை



இது நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். முழங்கால் வலி, தெருவில் தண்ணீர் லாரி வராதது, பேத்தியின் பாட்டு வகுப்பு என்று வழக்கமாக நான் எழுதுவது எதுவும் இதில் இல்லை. இது ஒரு திருத்தம். 1987-ல் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் நான் சொன்ன ஒரு பொய்யைத் திருத்துகிறேன். அந்த வகுப்பில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேராவது இங்கே என் நட்பு வட்டத்தில் இருக்கிறீர்கள்.

சென்னை நகரம் உருவான பாடம். ஜார்ஜ் டவுன் தெருக்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அரண்மனைக்காரன் தெரு வந்தது. "அங்கே நவாபின் ஆட்கள் வாழ்ந்த ஓர் அரண்மனை இருந்தது, அதனால் அந்தப் பெயர்" என்றேன். எந்தப் புத்தகத்திலும் படித்தது இல்லை. பெயரைப் பார்த்து நானே கட்டிய கதை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "சார், எங்க அப்பா அந்தத் தெருவுலதான் பேப்பர் கடையில வேலை செய்றாரு. அங்க அரண்மனை எதுவும் இல்ல சார். ஒரு பழைய சர்ச்தான் இருக்கு. அதுல கல்லறையில எல்லாம் புரியாத எழுத்து இருக்கு."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? "அப்படியா, பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்றிருக்க வேண்டும். "இடிச்சிட்டாங்கடா, உனக்கு ரொம்பத் தெரியுமோ?" என்று கேட்டு அவனைப் பெஞ்சு மேல் நிற்க வைத்தேன். வகுப்பே சிரித்தது. மணி அடிக்கும் வரை நின்றான்.

அவன் இப்போது அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் கிளெண்டேல் என்ற ஊரில் இருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். ஐம்பது வயது தாண்டிவிட்டது, எனக்கு இன்னும் 'அவன்'தான். சில வருடங்களாக வாட்ஸ்அப்பில் பேசுவோம். இந்த ஏப்ரலில் ஒரு நாள் கூப்பிட்டான். "சார், இங்க ஏப்ரல் 24 ஸ்கூல் லீவு. ஏன்னு சொல்லுங்க பார்ப்போம்." தெரியவில்லை என்றேன். இந்த வயதில் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குப் பழகிவிட்டது.

கிளெண்டேலில் அர்மேனியர்கள் மிக அதிகம். கடைப் பலகையிலிருந்து வக்கீல் அலுவலகம் வரை அவர்கள் எழுத்து இருக்குமாம். 1915-ல் ஒட்டோமான் துருக்கி அரசு தன் அர்மேனியக் குடிமக்களை அழிக்கத் தொடங்கியதன் நினைவு நாள் ஏப்ரல் 24. அன்று இரவு கான்ஸ்டாண்டிநோபிளில் முதலில் யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? எழுத்தாளர்களை, ஆசிரியர்களை, பத்திரிகைக்காரர்களை, பாதிரியார்களை. ஊர் ஊராக மக்களைச் சிரியாவின் பாலைவனத்துக்கு நடத்திக்கொண்டு போனது அதன் பிறகு. லட்சக்கணக்கானோர் செத்தார்கள். பிழைத்தவர்கள் பெய்ரூட், அலெப்போ, மார்செய், பாஸ்டன், ஃபிரெஸ்னோ என்று சிதறினார்கள். சிதறிய இடத்திலெல்லாம் ஒரு சர்ச், அதை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம், கூடவே ஒரு பத்திரிகை என்று ஆரம்பித்திருக்கிறார்கள்.

என் மாணவனின் பக்கத்து வீட்டில் ஓர் அர்மேனிய அம்மா இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். பெய்ரூட்டில் புர்ஜ் ஹம்மூத் என்ற அர்மேனியப் பேட்டையில் பிறந்தவர். அங்கே மொழி ஆசிரியை. லெபனான் உள்நாட்டுப் போரில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்து, இங்கேயும் சனிக்கிழமைப் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் அர்மேனிய எழுத்து சொல்லிக்கொடுத்தவர். அவருடைய அப்பா 1915-ல் தப்பி, லெபனானில் அநாதை விடுதியில் வளர்ந்த பிள்ளை.

இவர்கள் புதிதாகக் குடிவந்தபோது அந்த அம்மா ஒரு தட்டில் பலகாரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். "இந்தியா" என்றானாம். "இந்தியாவில் எங்கே?" "சென்னை. அந்தக் காலத்தில் மெட்ராஸ் என்பார்கள்."

"மெட்ராஸ்!" என்று அந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாராம். "அஸ்தரார் வந்த மெட்ராஸா?"

இவன் முழித்திருக்கிறான். உலகத்தில் முதன்முதலாக அர்மேனிய மொழியில் ஒரு பத்திரிகை வெளிவந்தது எங்கே? அர்மேனியாவில் இல்லை, கான்ஸ்டாண்டிநோபிளில் இல்லை, வெனிஸில் இல்லை. நம் மதராஸில். 1794 அக்டோபர் 16. பெயர் 'அஸ்தரார்'. சேதி சொல்பவர் என்று பொருள் கொள்ளலாம். அர்மேனியப் பிள்ளைகள் எந்த நாட்டில் படித்தாலும் அவர்கள் மொழிப் பாடத்தில் மதராஸ் என்ற ஊர்ப்பெயர் வருமாம். அந்த அம்மா நாற்பது வருடம் அதை நடத்தியிருக்கிறார். நானும் முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தினேன். '1785-ல் மெட்ராஸ் கூரியர்' என்பதோடு என் பத்திரிகை வரலாறு முடிந்துவிடும். பாரிமுனையில் பஸ் இறங்கி நடந்து போகும் தூரத்தில் இருந்த சங்கதி எனக்குத் தெரியாது.

"சார், அந்தப் பத்திரிகை நடத்தின பாதிரியார் கல்லறை அந்த சர்ச்லதான் இருக்காம். நான் அப்ப சொன்னேனே, அந்த சர்ச்தான். அர்மேனியன் சர்ச். அர்மேனியக்காரன் தெருதான் சார் நம்ம வாயில அரண்மனைக்காரன் தெரு ஆயிடுச்சு."

அவன் குத்திக்காட்டவில்லை. நல்ல பையன். ஆனால் போனை வைத்த பிறகு வெகுநேரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என் மனைவி என்னவென்று கேட்டாள். "முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பையனைப் பெஞ்சு மேல ஏத்தினேன்" என்றேன். "ஒருத்தனைத்தானா?" என்றாள்.

அதற்குப் பிறகு படிக்க ஆரம்பித்தேன். தேர்வுக்குப் படிப்பது போலக் குறிப்பேடு போட்டே படித்தேன். அதில் கொஞ்சம் உங்களுக்கும்.

மதராஸுக்கு வந்த அர்மேனியர்கள் 1915-க்கு மிக முந்தியவர்கள். பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1604-05 வாக்கில் அராஸ் ஆற்றங்கரையில் இருந்த ஜுல்ஃபா நகரத்து அர்மேனியர்களை மொத்தமாகப் பெயர்த்துக் கொண்டுபோய்த் தன் தலைநகர் இஸ்பஹானுக்குப் பக்கத்தில் குடியமர்த்தினார். அந்த இடத்துக்கும் ஜுல்ஃபா என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். பட்டு வியாபாரம் அவர்கள் கையில். அங்கிருந்து சூரத், ஆக்ரா, கல்கத்தா, மதராஸ், மலாக்கா, மணிலா வரை போனார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1688-ல் அவர்களோடு ஓர் ஒப்பந்தமே போட்டது. எந்த ஊரில் நாற்பது அர்மேனியர் சேர்கிறார்களோ அங்கே கம்பெனி செலவில் ஒரு சர்ச் கட்டித் தர வேண்டும், ஏழு வருடத்துக்குப் பாதிரியாருக்கு ஆண்டுக்கு ஐம்பது பவுன் சம்பளம் தர வேண்டும். நாற்பது பேர்! நம் எட்டாம் வகுப்பு 'பி'-யில் ஐம்பத்திரண்டு பேர் இருந்தீர்கள்.

சைதாப்பேட்டையில் பி.எட். படித்தபோது தினமும் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி நடப்பேன். மறைமலையடிகள் பாலம். அதன் ஓரத்தில் ஒரு கல்வெட்டு நின்றிருக்கும். அந்த இடத்தில் முதன்முதலில் 1726-ல் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வியாபாரி. சொந்தப் பணம். பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டும் அவர் செலவுதான். 1751-ல் இறந்தார். உடலை வேப்பேரியில் புதைத்துவிட்டு இதயத்தை மட்டும் எடுத்துப் பெட்டியில் வைத்து ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள். பாலம் இங்கே, இதயம் அங்கே. அந்தக் கல்லின் பக்கத்தில் நின்று நான் எத்தனை நாள் வேர்க்கடலை தின்றிருக்கிறேன்!

இன்னொருவர் ஷாஹாமிர் ஷாஹாமிரியான். மதராஸில் பெரிய பணக்காரர். 1772-ல் இந்த ஊரில் அர்மேனிய அச்சகம் தொடங்கியது அவர் குடும்பம்தான். அர்மேனிய இளைஞர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்ப ஒரு புத்தகம் போட்டார்கள். எழுந்திரு, படி, உன் நாட்டை மீட்டெடு என்கிற மாதிரியான புத்தகம். அது எச்மியாட்ஸினுக்குப் போய்ச் சேர்ந்தது. எச்மியாட்ஸின் என்றால் அர்மேனியத் திருச்சபையின் தலைமைப் பீடம். அங்கே இருந்த சிமியோன் என்ற தலைவர் படித்துப் பார்த்துவிட்டு அதை எரிக்கச் சொல்லிவிட்டார்!

முதலில் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். மதராஸில் கோட்டையின் நிழலில் உட்கார்ந்துகொண்டு வீரம் பேசுவது எளிது. அங்கே சுல்தானுக்கும் ஷாவுக்கும் நடுவில் மக்களை வைத்துக்கொண்டு இருப்பவருக்கு, இப்படி ஒரு புத்தகம் எதிரி கையில் கிடைத்தால் எத்தனை கிராமம் எரியும் என்ற பயம் இருக்காதா? வெளியூரில் இருப்பவருக்கும் உள்ளூரில் இருப்பவருக்கும் இந்தச் சண்டை எல்லா இனத்திலும் உண்டு. யார் பக்கம் நியாயம் என்று இன்றுவரை எனக்குத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஷாஹாமிரியான் அதோடு விடவும் இல்லை. இல்லாத நாட்டுக்கு ஓர் அரசியல் சட்டமே அச்சடித்தார், 521 பிரிவுகளோடு. மன்னர் இல்லை, தேர்ந்தெடுத்த அவை ஆளும், சட்டம் எல்லோருக்கும் மேலே. முகப்பில் 1773 என்று போட்டிருக்கும், அச்சானது அதற்குச் சில வருடம் பின்னால் என்பவர்களும் உண்டு. அந்த அச்சகத்தை நடத்திய மகன் ஹாகோப் 1774-ல் மலாக்காவில் இறந்துபோனார். கல்லறை அங்கே இருக்கிறது.

இப்போது அஸ்தராருக்கு வருகிறேன். அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோன்யான். பாரசீகத்தில் ஷிராஸ் நகரத்தில் பிறந்தவர். அவருடைய இரண்டு பிள்ளைகளும் ஒரே வாரத்தில் இறந்துவிட்டார்கள். மனம் உடைந்து வீட்டை விட்டுப் போய் தர்வேஷ்களோடு சில வருடம் வாழ்ந்தார். அங்கே பாரசீக மொழியில் பெரிய புலமை வந்தது. 1784-ல் மதராஸ் சர்ச்சுக்குப் பாதிரியாராக வந்தார். 1789-ல் சொந்தமாக அச்சகம் தொடங்கினார். எழுத்துக்களை இங்கேயே வார்த்தார். காகிதத்தையும் தாமே செய்தார். பத்திரிகையில் கப்பல் வரவு, சந்தை நிலவரம், ஊரிலிருந்து வந்த கடிதச் செய்தி, பஞ்சாங்கம் எல்லாம் உண்டு. மாதப் பத்திரிகை. வாசிக்க ஆள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மதராஸ், கல்கத்தா, சூரத் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள். 1796 மார்ச்சோடு நின்றுவிட்டது. ஒன்றரை வருடம். அவர் 1824 வரை உயிரோடு இருந்தார்.

இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர் வேறொரு நாட்டில் உட்கார்ந்து, தன் மொழிக்கு ஓர் எழுத்தை வார்த்து, குளிர்ந்ததும் அடுத்த எழுத்தை வார்த்துக்கொண்டிருந்ததை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என் மாணவன் வீடியோ அழைப்பில் சேர்த்துவிட்டான். அவர் ஆங்கிலம் ஒரு மாதிரி, என் ஆங்கிலம் இன்னொரு மாதிரி. நடுவில் இவன் மொழிபெயர்த்தான். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது காது கேளாமையும் ஓய்வூதியக் கவலையும்.

"உங்கள் மொழிக்கு எத்தனை எழுத்து?" என்று கேட்டார். 247 என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். அவர்களுக்கு முதலில் 36, பிறகு இரண்டு சேர்ந்து 38. அவற்றை ஏறக்குறைய 405-ஆம் ஆண்டில் உருவாக்கியவர் மெஸ்ரோப் மாஷ்தோட்ஸ் என்ற துறவி. அவரைத் திருச்சபை புனிதராக வைத்திருக்கிறது. அவரோடு சேர்ந்து வேதத்தை மொழிபெயர்த்தவர்களும் புனிதர்கள். அக்டோபரில் 'புனித மொழிபெயர்ப்பாளர்கள்' என்று ஒரு திருநாளே உண்டு. எழுத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் கோயிலில் திருநாள்! இதை நான் அவரிடம் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். பாலைவனத்தில் நடந்தபோது தாய்மார் மணலில் விரலால் எழுத்து எழுதிப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள் என்று அவர்கள் வீடுகளில் சொல்லும் கதையையும் சொன்னார்.

"உங்கள் பேரப்பிள்ளைகள் அந்த எழுத்தைப் படிப்பார்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். பெரியவன் பேசுவான், படிக்க மாட்டான். சின்னவளுக்குச் சில பாட்டு தெரியும். கிளெண்டேலில் இத்தனை அர்மேனியர் இருந்தும், இவர் பேசும் மேற்கு அர்மேனியம் வேறு, ஈரானிலிருந்தும் அர்மேனியாவிலிருந்தும் வந்தவர்கள் பேசும் கிழக்கு அர்மேனியம் வேறு. மேற்கு அர்மேனியத்தை யுனெஸ்கோ அழியும் ஆபத்தில் உள்ள மொழிகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. "சனிக்கிழமை காலையில் கால்பந்துப் பயிற்சி இருக்கிறது. எழுத்து தோற்றுவிடும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். என் அக்கா பேரன் டொராண்டோவிலிருந்து "ஹாய் தாத்தா" என்று சொல்லிவிட்டு ஓடும்போது நான் சிரிக்கும் சிரிப்பு அது.

அப்புறம் ஒன்று கேட்டார். "வாத்தியாரே, எனக்கு இனி விமானம் ஏற முடியாது. ஷ்மாவோன்யான் கல்லறையை எனக்குக் காட்டுவீர்களா? அங்கே இன்னும் மணி அடிக்கிறார்களா?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு அங்கே மணி அடிப்பார்கள் என்று படித்திருந்தேன். நமக்கு ஞாயிறு காலை ஒன்பதரை என்றால் அங்கே சனிக்கிழமை இரவு ஒன்பது. வசதியான நேரம்.

போன ஞாயிறு பேத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஞாயிறு என்பதால் பாரிமுனையில் கூட்டம் இல்லை. தெரு முழுக்கக் கடைகள் மூடிக் கிடந்தன. கனமான மரக்கதவு. உள்ளே நுழைந்தால் வெளியே ஜார்ஜ் டவுன் இருக்கிறது என்பதே மறந்துவிடும். 1772-ல் கட்டிய சர்ச், தனியாக நிற்கும் மணிக்கூண்டு, மரங்கள், தரையெங்கும் கல்லறைகள். ஏறக்குறைய 350 அர்மேனியர்கள் அங்கே உறங்குகிறார்கள். வழிபாட்டுக்கு என்று ஊரில் அர்மேனியச் சமூகம் இப்போது இல்லை. கல்கத்தாவில் உள்ள அர்மேனியத் திருச்சபைதான் இதைப் பராமரிக்கிறது. அங்கே இன்னும் சிறு சமூகம் இருக்கிறது, 1821-ல் தொடங்கிய அர்மேனியக் கல்லூரியும் நடக்கிறது, ஜனவரி 6-ல் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள்.

காவலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். "பேப்பர்கார ஃபாதரா? வாங்க ஐயா" என்று நேராகக் கூட்டிப்போய்க் காட்டினார். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்களாம். உள்ளூர்க்காரர்கள் நிழலுக்காக வருவார்களாம்.

பேத்தி போனைப் பிடித்தாள். அங்கே அந்த அம்மா நல்ல உடை உடுத்தி, தலையில் மெல்லிய துணி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் மாணவன். இன்னும் பக்கத்தில், யாரும் எதிர்பாராமல், அவருடைய பெரிய பேரனும் வந்து உட்கார்ந்திருந்தான். போனைக் கல்லுக்குக் கிட்டத்தில் கொண்டுபோகச் சொன்னார். கல்லின் ஒரு மூலையில் காய்ந்த இலை ஒட்டியிருந்தது, துடைத்தேன். அவர் படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு எழுத்தாக, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல. தேய்ந்துபோன ஓர் இடத்தில் நின்றார். பேரனிடம் ஏதோ கேட்டார். அவன் திரையை உற்றுப் பார்த்து ஓர் எழுத்தைச் சொன்னான். தப்பு போலிருக்கிறது. அந்த அம்மா இல்லை என்று தலையாட்டிவிட்டு, காற்றில் விரலால் எழுதிக் காட்டினார். அவன் திரும்பச் சொன்னான்.

அதே நேரம் மேலே மணி அடிக்க ஆரம்பித்தது. மொத்தம் ஆறு மணிகள், ஒன்றில் தமிழ் எழுத்து பொறித்திருக்கிறது. அந்தச் சின்ன முற்றத்தில் சத்தம் காதைப் பிளந்தது. எனக்கு அவர்கள் பேசியது எதுவும் கேட்கவில்லை. திரையில் அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு சிலுவைக் குறி போட்டார். பேரன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். நான் அவனுக்குக் கை அசைத்தேன்.

மணி நின்ற பிறகு என் மாணவனிடம் சொன்னேன். "டேய், நீ சொன்னது சரி. இங்கே அரண்மனை எதுவும் இல்லை. நான்தான் தப்பு. மன்னிச்சிடு."

"சார், அதெல்லாம் எப்பவோ" என்றான். அப்புறம், "பெஞ்சு மேல நின்னப்ப ஜன்னல் வழியா ஹார்பர் கிரேன் தெரிஞ்சுது சார். நல்லாத்தான் இருந்தது" என்றான்.

சென்னையில் இருக்கும் எட்டாம் வகுப்பு 'பி' ஆட்கள் கவனிக்க. வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நான் மறுபடி அங்கே போகிறேன். வர விருப்பம் உள்ளவர்கள் பாரிமுனை பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள், டிபன் என் செலவு. அன்றைக்குச் சிரித்தவர்கள் கீழே கமெண்டில் அவனுக்கு ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள். இந்தப் பதிவை அவன் படிப்பான்.